கேஷும் காசும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தை எப்படித் தேடுவது

பினாங்கு லிட்டல் இந்தியாவில் எங்கள் மளிகைக் கடை. முப்பத்தோரு வருடமாக அதன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளில் என் வாயில் அதிகம் வரும் ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: கேஷ். "கேஷா, கியூஆரா?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அந்தச் சொல்லை வைத்துத்தான் போன வருடம் என் தங்கை மகள் அழுதுகொண்டு கடைக்கு வந்தாள். படிவம் இரண்டு படிக்கிறாள். ஒரு பேச்சுப் போட்டியில், "ஆங்கிலேயர் சொல்லும் கேஷ்கூட நம்முடைய காசுதான்" என்று பேசியிருக்கிறாள். நடுவராக இருந்தவர் எல்லார் முன்னாலும், "தப்பு. கேஷ் பிரெஞ்சுச் சொல். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் மேடையில் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டாராம். "பெரியம்மா, நெஜமாவே தப்பா?" என்றாள். எனக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு கடை அடைத்த பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். தேடத் தேடத்தான் புரிந்தது, நடுவர் சொன்னதும் பாதி சரி, பிள்ளை சொன்னதும் பாதி சரி. ஒரே எழுத்தில் இரண்டு சொற்கள் உட்கார்ந்திருப்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து எந்த ஆங்கிலச் சொல்லையும் நாங்கள் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறோம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். கேஷ் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் அகராதியைத் திறக்காதீர்கள். அந்தச் சொல் வரும் வாக்கியங்களைப் பொறுக்குங்கள். நாங்கள் பில் போடும் தாள் சுருளில் ஒரு முழ நீளம் கிழித்து எழுதினோம். சாப்பாட்டுக் கடையில் ஒட்டியிருக்கும் 'கேஷ் மட்டும்'. செக்கை கேஷ் பண்ணுவது. கணக்குப் புத்தகத்தில் வரும் பெட்டி கேஷ். பேரங்காடியில் உட்கார்ந்திருக்கும் கேஷியர். அவள் பள்ளிக் கதைப் புத்தகத்தில் ஓர் இராணுவ அதிகாரியை 'கேஷியர்' செய்தார்கள் என்று வந்த வரி. கைபேசி மெதுவாக ஓடினால் தம்பி சொல்லும் 'கேஷைக் கிளியர் பண்ணு'. கேஷ்யூ, அதாவது முந்திரி. அப்புறம் என் மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு பழைய செப்புக்காசு, அதில் 'இருபது கேஷ்' என்று அச்சாகியிருக்கிறது. எட்டு வாக்கியம். பொருளைக் கேட்டு எழுதச் சொன்னால் பிள்ளைகள் இரண்டு மூன்றோடு நின்றுவிடுவார்கள். வாக்கியத்தைக் கேட்டால் பட்டியல் தானாக நீளும்.

அடுத்து, காதுக்கு ஒன்றாகக் கேட்டு எழுத்தில் வேறாக இருப்பவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். இது சீக்கிரம் முடிகிற வேலை. கைபேசிக் கேஷின் கடைசியில் எஸ்எச் கிடையாது, சிஎச்ஈ. பிரெஞ்சில் 'காஷே' என்றால் ஒளித்து வைப்பது. காட்டில் உணவையும் தோலையும் பதுக்கி வைத்த இடத்துக்குக் கனடா வேட்டைக்காரர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள், பிறகு கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பணத்தோடு அதற்கு ஒட்டு உறவு இல்லை. கேஷ்யூவும் அப்படித்தான். பிரேசில் நாட்டுத் துப்பி மக்கள் 'அகாஜு' என்றார்கள், போர்த்துகீசியர் 'கஜூ' என்றார்கள், ஆங்கிலேயர் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்ப வளைத்தார்கள். நம் பசாரில் முந்திரியின் இளந்தளிரைக் கட்டுக்கட்டாக உலாமுக்கு, அதாவது பச்சையாகத் தின்ன, விற்கும் மலாய்க்கார அம்மா 'பூச்சுக் காஜுஸ்' என்று சொல்கிறாரே, அந்தக் காஜுசும் அதே கஜூதான்.

சரி, இப்போது அகராதி. நல்ல ஆங்கில அகராதியில் கேஷ் என்று தேடினால் ஒரு பதிவு வராது, இரண்டு வரும். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் 1, 2 என்று கடுகளவு எண் இருக்கும். இந்த எண்ணைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'இவை இரண்டும் வேறு வேறு சொற்கள், எழுத்து மட்டும் ஒன்றாக அமைந்துவிட்டது' என்று அகராதி எழுதியவர் நமக்குச் சொல்கிறார். ஒரே பதிவுக்குள் அ, ஆ என்று பிரிந்திருந்தால் அவை ஒரு தாய்ப் பிள்ளைகள். தலைக்கு மேல் எண் மாறினால் தாயே வேறு. தமிழில் படி என்றால் மாடிப்படி, புத்தகத்தைப் படி, அரிசி அளக்கும் படி என்று இல்லையா, அதுபோல. நடுவர் முதல் பதிவை மட்டும் படித்திருப்பார் என்று நினைக்கிறேன். இரண்டாவது எண்ணுக்கு அவர் இறங்கவே இல்லை.

முதல் கேஷை எடுப்போம். கடையில் நாம் கொடுக்கும் வாங்கும் கேஷ் இதுதான். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இதற்குப் பணம் என்பதோடு பணப்பெட்டி என்றும் பொருள் இருந்தது. பிரெஞ்சில் 'கெஸ்', இத்தாலியில் 'காஸ்ஸா', எல்லாமே பெட்டிதான். அதற்கும் மேலே போனால் லத்தீனில் 'காப்ஸா'. ரோமானியர்கள் புத்தகச் சுருள்களைப் போட்டுத் தூக்கிப்போன உருண்டைப் பெட்டிக்கு அந்தப் பெயர். புத்தகப் பெட்டி பணப்பெட்டியாகி, பெட்டியின் பெயர் உள்ளே இருக்கும் பணத்துக்கு ஒட்டிக்கொண்டது.

இது எப்படி நடக்கும் என்று என் தங்கை மகள் கேட்டாள். நான் கல்லாவைத் தட்டிக் காட்டினேன். கல்லா என்றால் பெட்டி. உருது வழியாக நம்மிடம் வந்த சொல். ஆனால் "இன்னிக்குக் கல்லா எவ்வளவு?" என்று மாமா கேட்டால் பெட்டியின் நீள அகலத்தையா கேட்கிறார்? உள்ளே சேர்ந்த பணத்தைக் கேட்கிறார். "நல்லா கல்லா கட்டுறாங்க" என்கிறோம், அங்கே பெட்டியே இல்லை. பெட்டி பணமாக மாறுவது நம் வாயிலேயே தினமும் நடக்கிறது. ஓர் அந்நியச் சொல்லின் பயணம் நம்பும்படி இல்லை என்றால், நம் மொழியில் அதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் கிடைக்கும்.

இந்தக் காப்ஸாவுக்குப் பிள்ளைகள் நிறைய. சூட்கேஸில் வரும் கேஸ், பாட்டு கேட்ட கேசட், மருந்து கேப்சூல், எல்லாம் பெட்டி அல்லது குட்டிப் பெட்டி. ஆனால் போலீஸ் கேஸ் அந்தக் குடும்பம் இல்லை. அது விழுதல், நேர்தல் என்று பொருள் தரும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கேஷியரிலும் இதே சிக்கல் உண்டு. காசு வாங்கும் கேஷியர் பெட்டிக்காரர். இராணுவ அதிகாரியை 'கேஷியர்' செய்வது என்றால் பதவியைப் பறித்து வெளியே அனுப்புவது. பிரெஞ்சில் உடைப்பது, நீக்குவது என்று பொருள்படும் 'காஸே' டச்சு வழியாக வந்தது. அங்கேயும் தலைக்கு மேல் 1, 2 இருக்கிறது, பாருங்கள்.

இனி இரண்டாவது கேஷ். இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் வேகமாகத்தான் ஓடுகிறது.

சில வருடங்களுக்கு முன் லோரோங் கூலிட் பழஞ்சந்தையில் ஒரு சீனப் பெரியவரிடம் அந்தச் செப்புக்காசை வாங்கினேன். இப்போதைய ஐம்பது காசைவிடப் பெரியது, தேய்ந்து காப்பிப்பொடி நிறத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கேடயத்தைப் பிடித்தபடி இரண்டு சிங்கம், கீழே 1808. மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் அடியில் இரண்டு எக்ஸ் போட்டு 'கேஷ்'. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக்காக இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அடித்த காசு இது. அந்தப் பாரசீக வரி, இருபது 'காஸ்' என்றால் நான்கு ஃபலூஸ் (அதுவும் ஒரு செப்புக் காசு) என்று சொல்கிறது. இதே காசுகளை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோர மணல்திட்டில் மூழ்கியது. அதிலிருந்து பின்னாளில் எடுத்த காசுகள்தான் இன்றும் நாணயம் சேர்ப்பவர்களிடம் நிறையப் புழங்குகின்றன. சென்னையில் அப்போது 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொற்காசு. 1818 வரை அந்தக் கணக்கு ஓடியது. திருவிதாங்கூரில் காசும் சக்கரம் என்ற நாணயமும் 1949 வரைகூட இருந்தன.

இந்த 'கேஷ்' எங்கிருந்து வந்தது? யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்', இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களின் அகராதி, இதைச் சொல்கிறது. தமிழ்க் 'காசு', அல்லது அதன் ஒரு கொங்கணி வடிவம், போர்த்துகீசியர் வாயில் 'கைஷா' ஆனது. அதை ஆங்கிலேயர் 'கேஷ்' என்று எடுத்தார்கள். போர்த்துகீசியர் அதோடு நிற்கவில்லை. கிழக்கே வந்த இடத்திலெல்லாம் சில்லறைச் செம்புக் காசைக் கண்டால் அதையும் கைஷா என்றார்கள். ஜாவாவில் கண்டதும் கைஷா, சீனர்களின் நடுவில் சதுர ஓட்டை போட்டு நூலில் கோத்த காசும் கைஷா. அதனால்தான் இன்றும் அந்தச் சதுர ஓட்டைக் காசை ஆங்கிலத்தில் 'சைனீஸ் கேஷ்' என்கிறார்கள். சீனர்கள் தங்கள் மொழியில் அதை அப்படிச் சொல்வதில்லை. நம் ஊர்ச் சொல் ஒன்று சீன நாட்டு நாணயத்தின் ஆங்கிலப் பெயராக நிற்கிறது. பிள்ளை மேடையில் இதைச் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க முடியாது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், போர்த்துகீசிய மொழியில் 'கைஷா' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே பெட்டி என்ற பொருள் இருந்தது, அதுவும் காப்ஸாவின் வழி வந்தது. நம் காசு அவர்கள் காதில் தங்களுக்குத் தெரிந்த ஒரு சொல் போல விழுந்திருக்க வேண்டும். ஆக, இரண்டு கேஷும் போர்த்துகீசியத்தில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை என்று இரண்டு ஊரில் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டன.

ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக உறவு கொண்டாடக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம், பெட்டி கேஷ். எங்கள் அப்பா அன்றாடச் செலவுக்கான சில்லறையைக் கோங் குவான் பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். அதற்கு அவர் சொன்ன பெயர் பெட்டி கேஷ். பெட்டியில் இருக்கும் கேஷ், வேறென்ன? எனக்கும் இருபது வயது வரை அதில் சந்தேகமே வரவில்லை. கணக்கர் ஒருவர் எழுதியதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் 'பெட்டி' ஆங்கிலச் சொல், சின்னது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம் பெட்டியோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது, டின்கூடக் கண் முன்னே இருக்கிறது, ஆனாலும் உறவு இல்லை.

அதனால் ஒரு சொல்லுக்கு உறவு சொல்லும் முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். யார் கொண்டுவந்தார்? எந்த வழியாக? எப்போது முதலில் எழுத்தில் வந்தது? நம் காசுக்கு மூன்றுக்கும் பதில் இருக்கிறது. கொண்டுவந்தவர் போர்த்துகீசிய வணிகர், வழி தென்னிந்தியத் துறைமுகமும் 1511இல் அவர்கள் பிடித்த மலாக்காவும் அதற்கப்பால் ஜாவாவும், ஆங்கில எழுத்தில் வந்தது 16ஆம் நூற்றாண்டு முடியும் நேரம். பெட்டி கேஷுக்கு ஒன்றுக்கும் பதில் இல்லை. இடையில் ஆள் இல்லாத உறவை நம்பாதீர்கள்.

அப்புறம், தமிழ்ப் பக்கத்தையும் அதே கறாரோடு பார்க்க வேண்டும். நம் சொல்தானே என்று விட்டுவிடக் கூடாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் காசு என்று தேடினால் நாணயம் மட்டுமா வருகிறது? மணி வருகிறது, மணியில் இருக்கும் குற்றம் வருகிறது, வெண்பாவின் கடைசிச் சீர் வாய்பாடு வருகிறது. நாள், மலர், காசு, பிறப்பு என்று தமிழ் இலக்கியம் எடுத்த பிள்ளைகள் உருப்போட்டிருப்பார்களே, அந்தக் காசு.

பழமை வேண்டுமென்றால் குறுந்தொகையின் 67ஆம் பாட்டைப் பாருங்கள், அள்ளூர் நன்முல்லை பாடியது. கிளி ஒன்று தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. அது எப்படி இருக்கிறதாம்? புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லர் தன் கூரிய நகத்தில் பிடித்த 'பொலங்கல ஒருகாசு' போல. எங்கள் தெரு நகைக்கடையில் காசுமாலை கோக்கும் ஆசாரியின் விரலை நான் பார்த்திருக்கிறேன். நகத்துக்கும் நகத்துக்கும் நடுவே அந்த மஞ்சள் வட்டம் நிற்கும். இங்கே காசு கடையில் கொடுக்கும் பணம் இல்லை, நகையில் கோக்கும் பொன்வட்டம்.

பணமாகப் பார்க்க வேண்டுமென்றால் 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் திருவீழிமிழலையில் பாடியது இருக்கிறது: 'வாசி தீரவே காசு நல்குவீர்'. பஞ்சகாலத்தில் தினம் ஒரு பொற்காசு கிடைத்ததாகவும், அதை மாற்றும்போது கடைக்காரர்கள் வாசி, அதாவது தள்ளுபடி, பிடித்ததாகவும் வரலாறு. அந்தக் குறை இல்லாத காசு கொடு என்று இறைவனிடம் கேட்கிறார். கல்லாவில் உட்காரும் எனக்கு இந்த வரி எப்போதும் நெருக்கமானது. மலேசியாவில் 1 காசு நாணயத்தை நிறுத்தி 2008 ஏப்ரல் முதல் ஐந்துக்கு ஐந்தாகச் சுற்றிக் கணக்குப் பார்க்கச் சொன்னபோது, இரண்டு காசுக்காக என்னிடம் எத்தனை பேர் வாதாடினார்கள்!

தமிழ்க் காசுக்கும் மேலே ஏதாவது உண்டா என்றால், சமஸ்கிருதத்தில் பொன், வெள்ளி நிறுக்கும் ஓர் எடைக்குக் 'கர்ஷ' என்று பெயர், அதோடு இதைத் தொடர்புபடுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஹாப்ஸன்-ஜாப்ஸனும் அதையே சொல்கிறது. இதை மறைக்காமல் பிள்ளையிடம் சொன்னேன். நமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டால் அது தேடல் ஆகாது.

நம் நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி, மலாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. மலாயில் காசை 'டூயிட்' என்கிறோம், அது டச்சுக்காரர்களின் ஒரு சின்னச் செப்புக் காசின் பெயர். ரிங்கிட் என்றால் ரம்பப் பல் போன்ற விளிம்பு. ஸ்பானிய வெள்ளி டாலரின் விளிம்பைப் பார்த்து வைத்தது. நாம் அதையே 'வெள்ளி' என்று உலோகத்தின் பெயரால் சொல்கிறோம். ஒரு பொருளைக் குறிக்கும் சொல், பணத்தைக் குறிக்கும் சொல்லாக ஆவதற்கு எத்தனை வழி உண்டு என்று இதை வைத்தே பிள்ளைகளுக்குக் காட்டலாம். முதலீட்டுக்கு மலாயில் 'மோடால்', நம் முதல்தான். 'கெடாய்' நம் கடை. ஆனால் நன்றி சொல்லும் 'தெரிமா காசே' என்பதில் வரும் 'காசே' காசு இல்லை, அன்பு. ஒலியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் இங்கேயும் விழுவோம்.

கடைசியாக, கண்டதை எழுதும் முறை. ஒரே வரியில் பெருமையாக எழுத முயலாமல், எந்தக் கேஷ் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அவள் இந்த வருடப் போட்டிக்குத் திருத்தி எழுதியது இது: "ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. கையில் கொடுக்கும் பணத்தைக் குறிப்பது லத்தீனில் பெட்டி என்ற சொல்லிலிருந்து வந்தது. சீனாவிலும் இந்தியாவிலும் புழங்கிய சிறு நாணயத்தைக் குறிப்பது தமிழ்க் காசிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது." மூன்று வரி. இதைச் சொல்லும்போது அந்தச் செப்புக்காசையும் கையில் எடுத்துப் போகிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறாள்.

இப்போது இரண்டு பேரும் 'கோடவுன்' என்ற சொல்லில் இருக்கிறோம். ஆங்கிலேயர் அதை மலாய் 'கூடாங்'கிலிருந்து எடுத்தார்கள் என்பது வரை வந்துவிட்டோம். அதற்கு மேலே தெலுங்கில் 'கிட்டங்கி', தமிழில் கிடங்கு என்று அகராதி காட்டுகிறது. பினாங்கு ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்த வீட்டையும் கிட்டங்கி என்றுதான் சொல்வார்கள். கொண்டுபோனவர் யார், எப்போது என்ற இரண்டு கேள்வியும் தாள் சுருளில் இன்னும் காலியாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை சீக்கிரம் அடைப்போம், அப்போது உட்கார வேண்டும்.